பச்சையா வெள்ளையா

எண்ணெய்த் தாங்கிகளை இழுத்துக்கொண்டு மலையேறும் சரக்கு ரயிலை நடுவழியில் நிறுத்துவது எந்த டிரைவருக்கும் பிடிக்காத காரியம். நின்ற வண்டியை மறுபடி கிளப்புவதற்குள் சக்கரம் வழுக்கும், தண்டவாளத்தில் மணலைக் கொட்ட வேண்டிவரும், என்ஜின் கத்துகிற கத்தலில் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்து நாய்களெல்லாம் சேர்ந்து குரைக்கும். அழகுமுத்துவுக்கும் அது பிடிக்காதுதான். ஆனாலும் அந்த வாரத்தில் ஒரே கைகாட்டியின் அடியில் இரண்டு தரம் வண்டியை நிறுத்திவிட்டான்.

ஹட்டனைத் தாண்டி மேலே போகும் வழியில் ஒரு சின்ன ஸ்டேஷன். பெயர் இங்கே வேண்டாம். அதற்குச் சற்று முன்னால், தேயிலைச் சரிவை அணைத்துத் திரும்புகிற வளைவில் அந்தக் கைகாட்டி நிற்கிறது. பழைய காலத்து இரும்புக் கம்பம்தான். பகலில் அதன் கை இறங்கியிருந்தால் போகலாம், நீட்டிக்கொண்டிருந்தால் நிற்க வேண்டும். பொழுது சாய்ந்து பனியும் இறங்கிவிட்டால் கை கண்ணுக்குத் தெரியாது. கையோடு சேர்ந்த சட்டத்தில் சிவப்புக் கண்ணாடி ஒன்றும் பச்சைக் கண்ணாடி ஒன்றும் உண்டு. கை ஏறி இறங்கும்போது இரண்டில் ஒன்று விளக்குக்கு முன்னால் வந்து நிற்கும். அந்த ஒரு புள்ளி வெளிச்சத்தை நம்பித்தான் அத்தனை டன் எண்ணெயும் மலையேறுகிறது.

என்ஜினில் டிரைவர் ஒரு பக்கம், உதவி டிரைவர் மறுபக்கம். கைகாட்டி கண்ணில் பட்டதும் இருவரும் அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இருவர் வாயிலும் ஒரே நிறம் வந்தால்தான் அதை நம்பலாம். ஒருவர் ஒன்றும் மற்றவர் வேறொன்றும் சொன்னால், அல்லது வெளிச்சம் இன்னதென்று தெரியாமல் குழப்பினால், சிவப்பு என்றே வைத்துக்கொண்டு நிறுத்த வேண்டும். நிறம் தெரியவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை தெரிந்தாலும் அதே சட்டம்தான்.

முதல் நாள் சாயங்காலம் வளைவில் திரும்பியதும் உதவி டிரைவர் கிஷாந்த் தன் பக்கத்து ஜன்னலிலிருந்து, "பச்சைங்கண்ணே!" என்றான். கிஷாந்த் டயகமக்காரன். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வேலையில் விளையாட்டு கிடையாது.

அழகுமுத்துவின் கண்ணுக்குப் பட்டது வெள்ளை. பால் கலந்த மாதிரி ஒரு வெளிச்சம், பனிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

"பச்சையா? நல்லாப் பாருப்பா."

"பச்சைதாண்ணே. பளிச்சுன்னு தெரியுதே."

அழகுமுத்து பிரேக்கைப் போட்டான். தாங்கிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. நீளமாக ஹாரன் அடித்துக் காத்திருந்தார்கள். கிஷாந்த் இறங்கிப்போய்க் கம்பத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, பச்சைதான் என்றான். கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் பச்சைக்கொடியோடு தண்டவாளத்தில் நடந்து வந்து வண்டியை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஸ்டேஷன் மாஸ்டர் பிளாட்பாரத்தில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

"கை இறக்கிக் கொடுத்திருக்கிறேன். பிறகும் எதற்கு நிற்கிறாய்?" என்று சிங்களத்தில் கேட்டார். "கீழே இருந்து பயணிகள் வண்டி வந்துகொண்டிருக்கிறது, தெரியுமா?"

"விளக்கு வெள்ளையாகத் தெரிந்தது மாத்தயா."

"பனிக்கு அப்படித்தான் தெரியும்."

இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே இடம், அதே பொழுது, அதே வெள்ளை. கிஷாந்த் மறுபடியும் பச்சை என்றான். அழகுமுத்து மறுபடியும் நிறுத்தினான். இந்தத் தரம் ஸ்டேஷன் மாஸ்டர் கோபப்படவில்லை. அவனுடைய முகத்தை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார். "காலையில் ஆள் விட்டுப் பார்த்தாகிவிட்டது. விளக்கு நன்றாக எரிகிறது. நீ எதற்கும் உன் கண்ணை ஒரு தரம் காட்டு" என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அழகுமுத்துவுக்கு அப்பாவின் கண்தான் நினைவுக்கு வந்தது.

அவனுடைய அப்பா இராமையாவுக்குச் சீனி வியாதியில் கண் போனது. றொசல்ல பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிற்சாலை வேலை. பார்வை மங்கத் தொடங்கிய பிறகும், வேலை போய்விடும் என்று வீட்டில்கூட மூச்சுவிடாமல் நடமாடினார். ஒருநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் வடிகால் கானுக்குள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு. அழகுமுத்துவுக்கு இப்போது நாற்பத்தாறு நடக்கிறது.

தோட்டத்து லயத்திலிருந்து வந்து என்ஜின் டிரைவர் ஆனவர்கள் அந்தப் பாதையில் அதிகம் பேர் இல்லை. சிங்களத்தில் பரீட்சை எழுதி, உதவி டிரைவராகப் பல வருஷம் டீசல் புகை குடித்து வாங்கிய ஆசனம். டிரைவருக்கு நிறம் தெரியவில்லை என்று ஆகிவிட்டால் அதோடு முடிந்தது. எங்காவது ஒரு கிடங்கில் உட்காரவைத்துவிடுவார்கள்.

அன்றிலிருந்து அவன் வீட்டில் நிறங்களைப் பார்க்கத் தொடங்கினான். ஹட்டன் ரயில்வே குவார்ட்டர்ஸில் மகள் தனுஷிகா படம் வரைந்துகொண்டிருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். கலர்ப் பென்சிலை எடுத்துத் தூரமாகப் பிடித்து, "இது பச்சைதானேம்மா?" என்பான்.

"அது கிளிப்பச்சைப்பா. இது இலைப்பச்சை. என்னா, நீங்களும் ஸ்கூலுக்கு வரப்போறீங்களா?"

எல்லா நிறமும் சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் பென்சில் வேறு, பனிக்குள் தூரத்தில் எரியும் விளக்கு வேறு. மனைவி லோஜினி இதைக் கவனித்தாள். அவள் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலை செய்கிறவள். பேசத் தெரியாத பிள்ளைகளுக்கு எங்கே வலிக்கிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவள். ஆனாலும் தானாகக் கேட்கவில்லை. அவனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

மூன்றாவது தரம்தான் அவன் அந்தக் காரியத்தைச் செய்தான்.

வளைவு வந்தது. வெள்ளை தெரிந்தது. கிஷாந்த் "பச்சைங்கண்ணே" என்றுவிட்டு, இந்தத் தரமும் நிறுத்துவாரோ என்கிற தயக்கத்தோடு இவன் பக்கம் திரும்பினான். அந்தப் பார்வையைத்தான் அழகுமுத்துவால் தாங்க முடியவில்லை.

"பச்சை" என்றான்.

வண்டி நிற்காமல் போயிற்று. கை உண்மையிலேயே இறங்கித்தான் இருந்தது. பாதையும் காலியாகத்தான் இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் கையை உயர்த்திச் சிரித்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நானுஓயா போய்ச் சேரும்வரை அழகுமுத்துவின் கைகள் பிடியை விடவே இல்லை. கண்ணால் காணாத நிறத்தை வாயால் சொல்லிவிட்டான். பின்னால் எண்ணெய்த் தாங்கிகள். பக்கத்தில் தன்னை நம்பி உட்கார்ந்திருக்கும் ஒரு இளம் புருஷன். நாளைக்குச் சிவப்பும் இப்படியே வெள்ளையாகத் தெரிந்தால்?

மறுநாள் காலையில் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு லோஜினியிடம் எல்லாவற்றையும் சொன்னான். ரொட்டி ஆறிப்போனது.

"மாமா மாதிரி நீங்களும் மறைச்சிருந்தா நா என்னங்க பண்ணுவேன்?" என்றாள்.

"வேலை போயிரும் புள்ள."

"போனா போகட்டும். நீங்க வீடு வந்து சேரணும். அந்தப் பையன் வீடு போய்ச் சேரணும். மத்ததெல்லாம் பெறகு பாத்துக்கலாம். எந்திரிங்க, சட்டையைப் போடுங்க."

என்ஜின் ஷெட்டின் போர்மன் ரத்னசிறி கட்டையான, அதிகம் பேசாத மனிதர். அழகுமுத்து அவருக்கு முன்னால் நின்று, முதல் இரண்டு நாள் நிறுத்தியதையும் மூன்றாவது நாள் நிறுத்தாமல் போனதையும் ஒளிக்காமல் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கடைசியில் சொன்னாயே, அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது."

"எனக்குத் தெரியுமே மாத்தயா."

"அதை நான் மேலே அறிவிக்கத்தான் வேண்டும். எச்சரிக்கைக் கடிதம் வரும்."

"வரட்டும்."

"இன்றிலிருந்து நீ வண்டி ஓட்ட வேண்டாம். கொழும்புக்குப் போய்க் கண்ணைக் காட்டு." எழுந்து வந்து அவன் தோளில் கைவைத்தார். "வந்து சொன்னது நல்லது."

கொழும்புக்குப் போகும்வரை இருந்த நாட்களை அழகுமுத்து வாசல் வாழைக்குப் பாத்தி கட்டுவதும் அதைக் கலைத்து மறுபடி கட்டுவதுமாகக் கழித்தான். இரவில் படுத்தால் தூக்கம் வராது. ரயில் சத்தம் கேட்டால் எந்த வண்டி, யார் ஓட்டுகிறார்கள் என்று மனம் தானாகக் கணக்குப் போடும். அந்தச் சரக்கு ரயிலை இப்போது ஹேமசிறி ஓட்டுகிறார், இன்னும் சில மாதத்தில் பென்ஷன் போகிறவர். ஹேமசிறி அந்த இடத்தில் நிறுத்தினார் என்று ஒரு தகவலும் வரவில்லை. அப்படியானால் விளக்கு சரி. தன் கண்தான் பிழை. அழகுமுத்து தனக்குள் தீர்ப்பே சொல்லிக்கொண்டான்.

கொழும்பில் கண்ணைப் பார்த்த டாக்டரின் பெயர் சிவரூபன். யாழ்ப்பாணத்துக்காரர். நரைத்த தலை, நிதானமான பேச்சு. முதலில் இரத்தம் எடுத்துச் சோதிக்க அனுப்பிவிட்டு எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். பிறகு வண்ணப் புள்ளிகள் நிறைந்த தட்டுகளைக் காட்டி, அதற்குள் ஒளிந்திருக்கும் எண்களைக் கேட்டார். பிறகு அறையை இருட்டாக்கி, எதிர்ச்சுவரில் குண்டூசித் தலை அளவுக்கு விளக்குகளை மாற்றி மாற்றிப் போட்டார்.

"சிவப்பு. பச்சை. பச்சை. வெள்ளை. சிவப்பு." அழகுமுத்து ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு டாக்டரின் முகத்தைத் தேடினான். இருட்டில் முகம் தெரியவில்லை.

பிறகு சொட்டுமருந்து விட்டு, கண்மணி விரியும்வரை வெளியே உட்காரவைத்து, மறுபடி கூப்பிட்டு, கூசும் வெளிச்சத்தைப் பாய்ச்சி உள்ளே வெகுநேரம் பார்த்தார். அவர் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"உங்கட தகப்பனுக்குச் சீனி இருந்ததெண்டு சொன்னனீங்கள், என்ன?"

"ஆமாங்க ஐயா." போயிற்று என்று நினைத்தான் அழகுமுத்து.

"உங்களுக்கு இல்லை. இரத்தத்திலயும் இல்லை, கண்ணுக்குள்ளயும் இல்லை." விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "கண் நல்லா இருக்கு. நிறம் ஒண்டும் பிழையில்லை, ஒண்டையும் நீங்கள் மாறிச் சொல்லேல்லை. பேப்பர் வாசிக்க மட்டும் ஒரு சின்னக் கண்ணாடி போட்டால் சரி."

அழகுமுத்துவுக்குப் புரிந்ததா இல்லையா என்று தெரியாமல் டாக்டர் இன்னொரு தரம் சொன்னார்: "நீங்கள் ரயில் ஓட்டலாம். பயப்பிடாதேங்கோ."

"அப்ப நா பாத்தது என்னாங்க ஐயா? வெள்ளையாத்தானே தெரிஞ்சுச்சு!"

"அதை என்னட்டைக் கேக்கிறியளே? வெள்ளையாத் தெரிஞ்சதெண்டால் அங்க வெள்ளைதான் இருந்திருக்கும். போய் அந்த விளக்கைப் பாக்கச் சொல்லுங்கோ."

நடைக்கூடத்துக்கு வந்ததும் சுவரோரத்து வாங்குப் பலகையில் பொத்தென்று உட்கார்ந்தான். கண்ணீர் வந்தது. மருந்தின் கண்ணீரா மற்றதா என்று பிரித்துப் பார்க்க அவனுக்கு அவசியமில்லை. போனை எடுத்தால் மருந்துக்கு எழுத்தெல்லாம் கலங்கிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம் போனை நீட்டி, "இதுல லோஜினின்னு இருக்கும், கொஞ்சம் அழுத்திக் குடுங்கம்மா" என்றான். அவர் தன் நல்ல கண்ணைப் போனுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்த் தேடி அழுத்திக் கொடுத்தார்.

"லோஜினி... கண்ணு நல்லா இருக்குதாம் புள்ள."

மறுமுனையில் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.  பிறகு அவள் குரல், "சாப்டீங்களா?" என்றது. அவ்வளவுதான் அவளால் கேட்க முடிந்தது.

அடுத்து அந்த அம்மாவே போர்மனின் பெயரையும் தேடி அழுத்திக் கொடுத்தார். ரத்னசிறி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்படியா" என்றார். பிறகு, "கீழே நின்று பார்த்தால் போதாது. இன்றைக்கே ஆளைக் கம்பத்தில் ஏறிப் பார்க்கச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கடையில் அழகுமுத்து இரண்டு ஆள் சோறு சாப்பிட்டான். மதிய ரயிலில் ஜன்னலோர ஆசனம் கிடைத்தது. டிரைவராக இல்லாமல், வெறும் பயணியாக இந்தப் பாதையில் போய் எத்தனையோ காலமாகிறது. மருந்து இன்னும் கலையாததால் வயலும் தென்னையும் கண்ணைக் கூசவைத்தன. அதுகூட அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது.

நாவலப்பிட்டியைத் தாண்டி வண்டி மலையேறத் தொடங்கியபோது போன் அடித்தது. ரத்னசிறி. இத்தனை வருஷத்தில் அவர் இப்படி மூச்சுவிடாமல் பேசி அழகுமுத்து கேட்டதில்லை.

"பச்சைக் கண்ணாடியில் ஒரு மூலை உடைந்து விழுந்திருக்கிறது. அந்த ஓட்டை கீழே நின்றால் தெரியாது, சட்டம் மறைக்கிறது. வளைவில் வரும்போது உன் பக்கத்து ஜன்னலுக்கு நேராக அந்த ஓட்டை வருகிறது. அந்தப் பையன் பக்கத்துக்கு மிச்சக் கண்ணாடி வருகிறது. நீ பார்த்தது வெறும் பல்பு. அவன் பார்த்தது பச்சை. இரண்டு பேரும் சொன்னது உண்மைதான்."

"மாத்தயா..."

"கேள். சிவப்புக் கண்ணாடியிலும் குறுக்கே வெடிப்பு. ஏறிப் பார்த்தவன் கைவைத்ததும் கையோடு வந்துவிட்டதாம். இன்னொரு காற்றடித்தால் அதுவும் விழுந்திருக்கும். பிறகு நில் என்பதற்கும் வெள்ளை, போ என்பதற்கும் வெள்ளை" என்றார். "இரண்டையும் மாற்றியாகிவிட்டது. புதுக் கண்ணாடி. நானே போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன்."

"ஹேமசிறி மாத்தயாவுக்கு அது தெரியவில்லையா?"

"தெரிந்ததாம். இப்போதுதான் வந்து சொன்னார். தன் கண்தான் போய்விட்டது, பென்ஷன்வரை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாராம். என் அறையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போகிறார்." ரத்னசிறி தொண்டையைச் செருமிக்கொண்டார். "உன் எச்சரிக்கைக் கடிதம் வரத்தான் செய்யும். அதை நான் தடுக்க முடியாது. ஆனால் முதல் இரண்டு நாள் நிறுத்தினாயே, அதையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை வேலைக்கு வா."

போனை மடியில் வைத்துவிட்டு அழகுமுத்து வெளியே பார்த்தான். கல்போடையில் மழை தூறிக்கொண்டிருந்தது. உடனே கிஷாந்தைக் கூப்பிட்டுச் சொன்னான். "நல்லவேளைண்ணே!" என்று அவன் கத்திய கத்தலில் எதிரே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "நானும் பயந்துட்டேண்ணே, எங்க எனக்குத்தான் கண்ணு கோளாறோன்னு. பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லலை."

அழகுமுத்து வாய்விட்டுச் சிரித்தான். ஒரே விளக்கைப் பார்த்து மூன்று பேர், மூன்று வீட்டில், தத்தம் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டு தூங்காமல் கிடந்திருக்கிறார்கள். சிரித்து முடித்ததும் உடம்பிலிருந்து எதுவோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. வட்டவளைப் பக்கம் வந்தபோது தலையை ஜன்னல் சட்டத்தில் சாய்த்தான்.

பிறகு அவனுக்குத் தெரிந்தது சத்தம்தான். சக்கரச் சத்தம் திடீரென்று இரட்டித்து, நான்கு பக்கத்திலிருந்தும் திரும்பி வந்தது. கண்ணைத் திறக்காமலே அது மலையைக் குடைந்துபோகும் சிங்கமலை டனல் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சிங்கமலை டனல் என்றால் ஹட்டன் எப்போதோ போய்விட்டது. பதறியடித்து எழுந்தான். மேலே வைத்த பையைத் தேடினான், அது காலடியில் கிடந்தது. எதிரே இருந்தவர், "நல்லா அசந்து தூங்கினீங்க, எழுப்ப மனசு வரலீங்க" என்றார்.

கொட்டகலையில் இறங்கியபோது குளிர்காற்று முகத்தில் அடித்தது. போனில் லோஜினியின் பெயர் வரிசையாக நின்றது. இப்போது எழுத்துகள் நன்றாகத் தெரிந்தன; தானே அழுத்திக் கூப்பிட்டான்.

"எங்கங்க இருக்கீங்க? நானும் புள்ளையும் ஹட்டன் ஸ்டேஷன்ல நின்னு ஒவ்வொரு பெட்டியாப் பாத்தோமே! ரயிலும் போயிருச்சு."

"கொட்டகலையில நிக்கிறேன்."

"கொட்டகலையிலயா? அங்க என்னா வேலை?"

"தூங்கிட்டேன் புள்ள."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல், மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். பக்கத்தில் தனுஷிகா "என்னாம்மா, என்னாம்மா" என்று கேட்பது கேட்டது.

"ரயிலு டிரைவரு எறங்க வேண்டிய ஸ்டேஷனை வுட்டுட்டாரு" என்று மகளிடம் சொன்னாள். பிறகு அவனிடம், "பஸ்ஸெடுத்து வாங்க. இங்கனயே கடையில உக்காந்திருக்கோம். புள்ளைக்கு ரோல்ஸ் வாங்கிக் குடுக்கிறேன், உங்களுக்கும் எடுத்து வைக்கிறேன். பஸ்ஸுலயும் தூங்கிறாதீங்க."

"தூங்க மாட்டேன்" என்றான் அழகுமுத்து.

ஹட்டன் பஸ் கூட்டமாக வந்தது. உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வழியெல்லாம் லயங்களில் விளக்கு ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். இரண்டாவது வளைவு திரும்புவதற்குள், நின்றபடியே, அவனுக்கு மறுபடியும் கண் சொருகியது.